சைக்கிள் செட்டைப் பார்த்து ஆறு வருஷம்

அக்கா, மேட்சைப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, என்ன விஷயம்? நான் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்திருப்பதாலா? பயப்படாதீங்க, தலையில் கோளாறு ஒன்றும் இல்லை. இது என்னுடைய இடம். இந்த மைதானத்தில் நான் எப்பவும் இப்படித்தான் உட்காருவேன். எனக்கு முன்னால் சைக்கிள் நிறுத்துகிற செட், பின்னால் ஃபுட்பால். ஆறு வருஷம் இப்படி உட்கார்ந்து எங்க காலேஜுக்கு ஐந்து கப் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கப் வராத அந்த ஒரு வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது.

நீங்க நாகர்கோவில் டீமோடு வந்தவங்களா? நாலாம் நம்பர் உங்க மகனா? அப்படியா! நல்ல பையன். நான் பார்க்கவில்லை, ஆனாலும் நல்ல பையனாகத்தான் இருப்பான். தாய் ஃப்ளாஸ்க்கில் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பிள்ளை எப்படி மோசமாக இருக்கும்? எதிர் டீம் ஆள் என்று நான் ஒன்றும் நினைக்கவில்லை. தள்ளி உட்காருங்க, வெயில் படுது.

என் பேர் பிரிஸ்கா. இது என் மகள் அஸ்லின், யூ.கே.ஜி. படிக்கிறாள். என் மடியில் இருந்துகொண்டு என் தோளுக்கு மேலே மைதானத்தைப் பார்க்கிறாள் இல்லையா, இன்றைக்கு இவள்தான் என் கண். நம்பரெல்லாம் தெரியும், இருபது வரைக்கும். மக்ளே, என்ன நடக்குது சொல்லு.

"ஒரு நாய் ஓடுது."

பாத்தீங்களா? முதல் பாதி முழுக்க இதே நாய்தான். பொய் சொல்ல மாட்டாள், அது ஒன்று இருக்கிறது.

எங்க காலேஜ், எங்க காலேஜ் என்று சொல்கிறேனே தவிர, நான் இங்கே படித்ததில்லை அக்கா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது. அதோடு சரி. இந்த கேட்டுக்கு உள்ளே எனக்குத் தெரிந்தது இந்த மைதானமும் லேடீஸ் பாத்ரூமும்தான். அதில் பாத்ரூமைத்தான் நேராகப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பிறந்த ஊர் மதிலுக்கு அந்தப் பக்கம். காலேஜில் பெல் அடித்தால் எங்க வீட்டில் உலை வைப்பார்கள். அப்புறம் எங்க காலேஜ் இல்லாமல் வேறு யார் காலேஜ்?

அப்போ ஃபுட்பால் ஃபுட்பாலாக இருந்தது. உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீங்க. சூசைமரியான் மாமா என்று ஒரு டெய்லர். அதோ, வேப்ப மரத்தடியில் கம்பு ஊன்றிக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான். ஜெர்சிக்கு நம்பர் தைப்பது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது, மேட்சுக்கு முந்தின நாள் துவைத்துக் காயப்போடுவது எல்லாம் அவர். கடைக்கு முன்னால் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் நாங்கள் நிலவரம் தெரிந்துகொள்வோம். ஏழாம் நம்பர் கயிற்றில் இல்லை என்றால் ஏழாம் நம்பருக்குக் கால் சுளுக்கு, ஆடவில்லை என்று அர்த்தம். ஊரே கலங்கிப்போகும். ஒரு தடவை ஏழாம் நம்பரை ஆடு தின்றுவிட்டது. அது தெரியாமல் என் அம்மா அந்தப் பையனுக்கு ஜெபம் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

வெளியூர் மேட்ச் என்றால் வேன் வருவதை வைத்துத்தான் கணக்கு. ஜெயித்தால் முக்கில் சிலுவை நிற்கிற குருசடியில் திரும்பும்போதே டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார், காலேஜ் கேட் வரைக்கும் கை எடுக்க மாட்டார். தோற்றால் குருசடிக்கு முன்னாலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, இறக்கத்தில் சத்தம் இல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். வெட்கம். பாளையங்கோட்டைக்குப் போன அன்றைக்கு வேன் அப்படித்தான் உருண்டு வந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று, "போட்டும் மக்களே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லி, மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்து உட்கார வைத்தோம். பையன்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு அப்புறம்தான் சொன்னார்கள், ரெண்டுக்குப் பூஜ்ஜியம் ஜெயிச்சாச்சு, வண்டியில் டீசல் தீர்ந்து ஹாரனும் ரிப்பேர் என்று. ஆறுதல் சொன்ன பிறகு எப்படிச் சந்தோஷப்படுவது? எங்களுக்குத் தெரியவில்லை. பேசாமல் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டோம்.

இப்போது பந்து வலைக்குள் போவதற்கு முன்னாலேயே போனில் துபாயில் இருக்கிற ஊர்க்காரன் கட்டைவிரல் காட்டிவிடுகிறான். கயிறும் இல்லை, குருசடியும் இல்லை.

மக்ளே, இப்ப என்ன?

"ஒரு அண்ணன் துப்புறான்."

எந்த நம்பர்? சரி விடு.

நான் இப்படித் திரும்பி உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். அப்போ நான் பத்தாவது. முதல் தடவையாக மேட்ச் பார்க்க வந்தேன். செருப்பு வார் அறுந்துவிட்டது, திரும்பிக் குனிந்து ஊக்கு குத்தினேன், கோல். எங்களுக்கு. ரெண்டாவது மேட்சில் கடலை வாங்கத் திரும்பினேன், கோல். மூன்றாவது மேட்சில் திரும்பவே கூடாது என்று கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி ரெண்டு அடித்துவிட்டான். சூசைமரியான் மாமா எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். டெய்லர் இல்லையா, அளவு எடுத்துப் பழகின கண். நேராக வந்து என் ரெண்டு தோளையும் பிடித்து, தையல் மெஷினைத் திருப்பி வைப்பது மாதிரி என்னைத் திருப்பி வைத்தார். "மக்ளே, நீ அந்தப் பக்கம் பாரு" என்றார். அன்றைக்கு மூன்றுக்கு ரெண்டு ஜெயித்தோம்.

அதற்கப்புறம் நான் திரும்பி இருக்கும்போதும் கோல் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது கோல் காக்கிற கோலியின் தப்பு. அதை என் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைக் கண்டித்துப் பேசினார். மூடநம்பிக்கை, ஒரு சின்னப் பெண்ணை வதைக்கிறீர்கள் என்றார். நியாயமான பேச்சு. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த வாரம் ஃபைனல் தொடங்க நேரம் ஆனபோது அதே சாமியார் கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையை விட்டு விசாரிக்கச் சொன்னார், அந்தப் பெண் வந்தாச்சா என்று.

வதை எல்லாம் ஒன்றும் இல்லை அக்கா. எனக்கு பெல்சியா இருந்தாள். என் கூடப் படித்தவள். அவள் மைதானத்தைப் பார்த்து, நான் சைக்கிள் செட்டைப் பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவோம். நடப்பதை அவள் சொல்லச் சொல்ல நான் கேட்பேன். கோல் விழப்போகிறது என்றால் அவள் முதுகு கட்டையாகிவிடும். எனக்கு முதலில் தெரிவது அந்த முதுகுதான், அப்புறம்தான் கூட்டத்தின் சத்தம்.

என்ன மாதிரிச் சொல்வாள் தெரியுமா! "பதினொன்னு வாங்கிட்டான். ஒருத்தனை வெட்டிட்டான். ரெண்டு பேரை. மூணாமவன் காலிடுக்குல விட்டு அந்தப் பக்கம் எடுத்துட்டான். பாதி மைதானத்துல இருந்தே அடிக்கான்டி! பந்து தென்னை மர உயரம் போய், கோலி தலையத் தடவிட்டு உள்ள இறங்குது!" கேட்டுக்கொண்டே இருக்கலாம். நடுவில் மூன்று வருஷம் எந்த மேட்ச் ஆனாலும் பதினொன்றுதான். மற்றப் பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏதாவது செய்திருப்பார்கள்.

இப்போது போனில் மேட்ச் பார்க்கிறேனே, உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் ஆடுவது. ஒருத்தனும் அப்படி அடிக்க மாட்டேன் என்கிறான். கோடி கோடியாக வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தட்டிவிடுகிறான். ஆட்டமே போய்விட்டது.

அந்தப் பதினொன்று யார் என்று கேட்க மாட்டீங்களா? அஸ்லினோட அப்பா.

ஆமாம், அதோ கோடு ஓரமாக நிற்கிற எங்க கோச். எனக்கு இருபத்தொன்று நடக்கும்போது சம்பந்தம் வந்தது. பையன் பேர் ரெஜின், ஐஸ் பிளாண்டில் சூப்பர்வைசர், இந்தக் காலேஜில் படித்து மூன்று வருஷம் டீமில் ஆடினவன் என்றார்கள். எத்தனையாம் நம்பர் என்று என் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். பதினொன்று. அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் நான் சரி சொல்லிவிட்டேன்.

ஆள் நல்லவர். ஆனால் தன்னடக்கம் ரொம்ப. கல்யாணமான புதிதில், "அந்த தென்னை மர உயரக் கோலை எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டேன். "அது நான் இல்ல" என்றார். மூன்று பேரை வெட்டின கோல்? "அதுவும் நான் இல்ல." பாருங்க, எப்படிப்பட்ட மனுஷன்! மற்ற வீட்டுக்காரர்கள் செய்யாததைச் செய்தேன் என்கிறார்கள், இவர் செய்ததை இல்லை என்கிறார். எட்டு வருஷமாக அஸ்லினுக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கோல்களைத்தான் கதையாகச் சொல்லுவேன். எட்டு வருஷம் இல்லை, அவளுக்கு ஐந்துதானே ஆகிறது, அதற்கு முன்னால் வயிற்றுக்குள் இருக்கும்போதே சொன்னேன், அதற்கும் முன்னால் சும்மா சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அது நான் இல்ல, பிள்ளே" என்பார். நான் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பேன்.

மூன்று வாரம் முன்னால் ஒரு காரியம் நடந்தது. பழைய மாணவர்கள் குரூப்பில் யாரோ ஒருவர் போட்ட வீடியோ என் போனுக்கும் வந்தது. தென்னை மர உயரக் கோல் விழுந்த அதே ஃபைனல். போட்டவருடைய சித்தப்பா கேமராவில் எடுத்து வைத்திருந்தாராம். நான் கேஸை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த ஆறு வருஷத்தில் எங்க டீம் அடித்ததில் நான் பார்க்கும் முதல் கோல் இல்லையா.

கார்னரில் இருந்து பந்து வந்தது. எதிராளி ஒருத்தன் முட்டியில் பட்டது. அவனே திகைத்துப் போய் நிற்க, பந்து மெல்ல உருண்டு அவர்களுடைய கோலுக்குள் போனது. எங்க வீட்டுக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியில் குனிந்து பூட் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில், பெல்சியாவின் தோளுக்குப் பின்னால், மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண்ணின் பாதி முதுகு தெரிந்தது. நல்ல சுடிதார் அது.

நான் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவையும் கயிறுதான் கட்டினார்.

உடனே பெல்சியாவுக்குப் போன் போட்டேன். அவள் குவைத்தில் நர்ஸ். "ஏ பிள்ளே, அந்தக் கோலை பதினொன்னு அடிக்கலியேடி?" என்றேன்.

பக்கத்தில் யாரோ பேஷண்டுக்கு மருந்து நேரம் சொன்னாள். அப்புறம், "நான் பந்தைப் பாத்தாத்தானே" என்றாள்.

"பின்ன என்னத்தப் பாத்த?"

"பதினொன்ன."

பாருங்க அக்கா, வேலையில் கவனம் இல்லாததுதான் காரணம். பந்தைப் பார்த்துச் சொல்லுடி என்றால் ஆளைப் பார்த்திருக்கிறாள். பதினொன்று எங்கே ஓடுகிறாரோ அங்கே ஒரு பந்தைப் போட்டுச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் என் கல்யாணத்துக்கே வரவில்லை தெரியுமா? சரியாக ரெண்டு நாள் முன்னால் குவைத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டாள். ஒரு பெரிய குக்கர் மட்டும் வாங்கி அனுப்பினாள், இன்னும் அதில்தான் சோறு வைக்கிறேன். இன்னும் அவள் கல்யாணம் பண்ணவில்லை. நானே ஒரு வரன் பார்த்தேன், ஃபுட்பால் ஆடுகிற பையன். "வேண்டாம்டி, நான் பாத்த மேட்ச் போதும்" என்றாள். ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று வேலை அப்படி. பாவம்.

வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன், நீங்க உண்மையில் ஒரு கோலாவது அடிச்சீங்களா இல்லையா என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஒண்ணு" என்றார். "செமிஃபைனல்ல. மழை. பந்து சேத்துல நின்னுட்டு. விழுந்துகிட்டே தட்டிவிட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அது நான்தான்."

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழைக்குப் பாதிக் கூட்டம் ஓடிவிட்டது. நானும் பெல்சியாவும் ஒரே குடைக்குள், முதுகோடு முதுகு. அவள் முதுகு கட்டையாகவில்லை, நடுங்கியது. என்னடி, என்னடி என்று கேட்கிறேன், வாயைத் திறக்கவே இல்லை. நான் கோல் வாங்கிவிட்டோம் என்று நினைத்தேன். எங்க ஆட்கள் மேளம் அடித்த பிறகுதான் நாங்கள் கோல் அடித்தது தெரிந்தது. யார் அடிச்சது என்றேன். "தெரியல" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் தெரியல என்று சொன்ன கோல் அது ஒன்றுதான். வீடு வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன், இதுக்கா உன்னை உட்கார வச்சிருக்கு என்று.

அந்த மனுஷன் வாழ்நாளில் அடித்தது ஒரு கோல். பின்னால் பதினைந்து அடி தூரத்தில் நான் இருந்தேன். சைக்கிள் செட்டைப் பார்த்துக்கொண்டு.

அதை அவர் குத்திக்காட்டவில்லை. இன்றைக்குக் காலையில் எலுமிச்சம்பழத்தை நாலு நாலாக வெட்டி, பாதி ஆட்டத்தில் பையன்கள் சப்புவதற்கு உப்புப் பொட்டலமும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார்: "பாக்குறதா இருந்தா வா, பிரிஸ்கா. சைக்கிள் செட்டைப் பாக்கணும்னா வராத. இப்ப அங்க சைக்கிளே இல்ல, எல்லாம் பைக்." அவ்வளவுதான். அவர் எட்டு வருஷத்தில் என்னிடம் கேட்ட பெரிய காரியம் என்றால் இதுதான். மற்றதெல்லாம் தேங்காய்த் துவையல், சட்டைப் பட்டன்.

அவர் போன கால் மணி நேரத்தில் சூசைமரியான் மாமா ரெண்டு பஸ் மாறி எங்க வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் ஆப்பிள். "மக்ளே, நீ கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து எட்டு வருஷமா கப் இல்ல. இந்த வருஷமும் இல்லன்னா டீமையே கலைச்சிருவோம், மைதானத்துல காலேஜ் பஸ்ஸ நிறுத்துவோம்னு காலேஜ் நிர்வாகத்துல சொல்லிட்டானுவ. உன் மாப்பிள்ளைக்கும்தான் இது கடைசி மேட்சா ஆயிரும். ஒரு நாள். ஒரு முதுகு. குடுக்க மாட்டியா?" என்றார். அழுதேவிட்டார் அக்கா. எழுபத்தாறு வயது.

ஐஸ் பிளாண்ட் வேலை இருக்கிறது, கஞ்சிக்குக் குறை வராது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் முகம் இருக்கிறதே, அது அப்புறம் இருக்காது. அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு வழி பண்ணினேன். வந்துவிட்டேன், ஆனால் பார்க்கவில்லை. அங்கே பாருங்க மாமாவை. மேட்சைப் பார்க்கவே இல்லை, என்னையே காவல் காக்கிறார்.

மக்ளே, என்ன சத்தம்? எதுக்கு எல்லாரும் கத்துறாங்க?

"நாலு பந்தைக் கையால பிடிச்சிட்டான்."

எந்த நாலு? ஐயோ. அக்கா, உங்க மகனா? வேணும்னு பண்ணியிருக்க மாட்டான், பட்டிருக்கும். எங்கே நின்று பட்டது? பெட்டிக்குள்ளேயா? அப்போ பெனால்டிதான். எங்களுக்கு. எத்தனை நிமிஷம் இருக்கு? ரெண்டா? கோல் இன்னும் யாருக்கும் இல்லையே? அழாதீங்க அக்கா, முகத்திலிருந்து கையை எடுங்க. உங்க பிள்ளை வீட்டுக்கு வந்ததும் திட்டாதீங்க, சோறு போடுங்க முதல்ல.

கேட்குதா, மாமா கத்துறது? "பிரிஸ்கா! கழுத்து திரும்பப்பிடாது! அசையாத!" கூட்டமும் சேர்ந்துகொண்டது. இத்தனை பேருக்கு என் பேர் ஞாபகம் இருக்கிறது பாருங்க. தேர்தலில் நிற்கலாம் போல.

மக்ளே, இப்ப சரியாச் சொல்லு. பந்து எங்க இருக்கு?

"வெள்ளைப் புள்ளியில வச்சிருக்கு."

அடிக்கப் போறது யாரு?

"ஒம்பது. அம்மா, அப்பா பந்தைப் பாக்கல."

பின்ன?

"இங்க பாக்குதாரு. நம்மள."

எவ்வளவு நேரமா?

"ரொம்ப நேரமா. நாய் வந்தப்பவே."

அவர் கோச், அக்கா. பெனால்டி அடிக்கப் போகிறார்கள், இந்த மனுஷன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஊருக்கு வேண்டியது ஒரு முதுகு. அது யாருடையது என்று கப்புக்குத் தெரியவா போகிறது?

அக்கா, நீங்க எப்படியும் இதைப் பாக்கப் போறதில்ல, முகத்தை மூடிக்கிட்டுத்தான் இருக்கீங்க. ரெஃபரி விசில் அடிக்கிறதுக்குள்ள, கொஞ்சம் எழுந்து இப்படி என் இடத்துல வந்து, சைக்கிள் செட்டைப் பாத்து உட்காருங்களேன். பிள்ளையை உங்க மடியில வச்சிக்கோங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். பந்து எங்க போச்சுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.